உப்பு அழுத்திய பொத்தான்

"மேலுக்கு அமத்தினா கீழுக்குப் போகுது அண்ணை. வலப்பக்கம் அமத்தினா மேலுக்குப் போகுது. மற்ற மூண்டும் சரியா வேலை செய்யுது. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

காரைநகரில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு வீட்டு விறாந்தையில் அந்தத் தம்பி கருவியை என் கையில் தந்தான். மதியச் சாப்பாடு கொண்டுபோகும் பிளாஸ்டிக் பெட்டி. மூடியில் நீள்சதுரமாக வெட்டிய ஓட்டைக்குள் நீலத் திரை, அதன் கீழே ஐந்து சின்னப் பொத்தான்கள். பெட்டியின் பக்கத்தால் ஒரு வயர் வெளியே வந்து, துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகள் இரண்டில் முடிந்தது. அந்தக் கம்பிகளைக் கிணற்றில் இறக்கினால் தண்ணீர் எவ்வளவு சவர் என்று திரை சொல்லும். அதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் செய்திருந்தான். வடிவமைப்புக்கு யோசனை சொன்னவன் நான். ஆகவே பழியில் பாதி எனக்கும் உண்டு.

காரைநகர்க்காரருக்குச் சவர்த் தண்ணீரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வரி. முன்பு காரைதீவு என்று அழைக்கப்பட்ட இந்த ஊரைப் பொன்னாலைப் பாலம் யாழ்ப்பாணத்தோடு இணைக்கிறது. நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். பெய்த மழை அந்தக் கல்லின் துளைகளுக்குள் இறங்கி, கடல்நீருக்கு மேலே ஒரு வில்லைபோல மிதக்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட இலேசானது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் வரை அது உப்பைத் தள்ளி நிறுத்தும் என்று 19ஆம் நூற்றாண்டின் முடிவை ஒட்டிய ஆண்டுகளில் கிபென், ஹேர்ட்ஸ்பேர்க் என்ற இருவர் தனித்தனியே கணக்கிட்டுச் சொன்னார்கள். மட்டம் ஒரு சாண் இறங்கினால் அடியில் உப்பு 40 சாண் ஏறும். துலாவால் இறைத்த காலத்தில் கிணறு மெல்லத்தான் வற்றியது. தண்ணீர் ஊறவும் நேரம் இருந்தது. மோட்டர் வந்த பிறகு வெகு விரைவாக அடி உப்பை மேலே இழுத்துவிடலாம். அதனால், எந்தக் கிணறு எந்த மாதத்தில் சவர்க்கிறது என்று கிழமைக்கு ஒருமுறை அளந்து எழுதி வைப்பது வீண் வேலை அல்ல. தம்பி மூன்று மாதம் அளந்திருந்தான்.

அந்த மூன்று மாதக் கணக்கு ஒரு விடியற்காலையில் அழிந்து போனது. யார் அழித்தது என்பதைக் கண்டுபிடிக்கப் போனதில் இந்த அத்தியாயம் பிறந்தது.

முதலில் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று பார்ப்போம். மூளை ஓர் ஆர்டுயினோ ஊனோ. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், மின்னணுவியல் படிக்காத மாணவர்களும் கையாளட்டும் என்று தொடங்கிய பலகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. திரை, வரிக்கு 16 எழுத்தாக இரண்டு வரி காட்டும் பழைய வகை எல்.சி.டி. அதனுள்ளே 1980களில் ஹிட்டாச்சி உருவாக்கிய எச்.டி. 44780 என்ற சில்லின் வழித்தோன்றல் இருக்கும். ஜப்பானிய கட்டகானா எழுத்துகூட அந்தச் சில்லுக்குள் பதிந்து வருவதுண்டு, தமிழ் இல்லை. நாமாக வரைந்து சேர்க்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் எட்டே எட்டு எழுத்து, ஒவ்வொன்றும் ஐந்து புள்ளி அகலம், எட்டுப் புள்ளி உயரம். 'ப', 'ட' அடங்கிவிடும். 'ண' அடங்காது, மூன்று சுழியை ஐந்து புள்ளிக்குள் போட்டுப் பாருங்கள், தெரியும். 'கிணறு' என்று எழுத முயன்று களைத்துப்போன தம்பி, கடைசியில் ஆங்கில எழுத்தில் அதை எழுதியிருந்தான். நான் குறை சொல்லவில்லை.

இனிப் பொத்தான்கள். மேல், கீழ், இடம், வலம், தெரிவு என ஐந்து. பள்ளிக்கூடப் புத்தகம் இவற்றை 'ஆளி' என்கிறது. கடையில் கேட்டால் 'பட்டன் சுவிச்' என்றால்தான் எடுத்துத் தருவார்கள். ஒரு பொத்தானுக்கு ஒரு முனை என்று கொடுப்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் வழி. ஊனோவில் உள்ள முனைகள் மொத்தம் 20. திரை ஆறை எடுத்துக்கொள்ளும். பொத்தான்கள் ஐந்தை எடுத்தால் மிஞ்சுவது ஒன்பது. கணினியோடு பேச இரண்டு, நினைவக அட்டைக்கு நான்கு, கடிகாரச் சில்லுக்கு இரண்டு, உப்புக் கம்பிக்கு ஒன்றோ இரண்டோ. கையிருப்பு முடிந்தது. அதனால்தான் திரையோடு சேர்ந்து விற்பனைக்கு வரும் பொத்தான் பலகைகள் பெரும்பாலும் ஒரு தந்திரம் செய்கின்றன. ஐந்து பொத்தானும் ஒரே ஒரு முனையில்.

இந்தத் தந்திரம் பரவைக்கடலில் வள்ளம் தாங்கிய எவருக்கும் உடனே பிடிபடும். இருட்டில் கரை தெரியாது. வள்ளக்காரர் மரக்கோலை ஊன்றிப் பார்க்கிறார். முழங்காலளவு என்றால் இன்ன திட்டு, இடுப்பளவு என்றால் இன்ன ஓடை, கோல் நிலம் முட்டவில்லை என்றால் ஆழ்வாய்க்கால். கையில் இருப்பது ஒரு கோல், கிடைப்பது ஓர் ஆழம். அந்த ஓர் எண்ணிலிருந்து இடத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறார். ஆழங்கள் தம்முள் போதிய அளவு வேறுபட்டால் போதும்.

பொத்தான் பலகையில் ஆழத்தின் இடத்தில் வோல்ற்றளவு இருக்கிறது. 5 வோல்ற்றிலிருந்து 2,000 ஓம் தடையி ஒன்று இறங்கி வருகிறது. அது வந்து சேரும் புள்ளியைத்தான் ஆர்டுயினோவின் ஒப்புமை முனை பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் புள்ளியிலிருந்து ஒரு படிவரிசை தொடங்குகிறது. முதற்படியில் 'வலம்' பொத்தான், தடையி இல்லாமல் நேரே 'நிலத்துக்கு', அதாவது மின்னோட்டம் போய் முடியும் முனைக்கு. அடுத்து 330 ஓம் தாண்டி 'மேல்'. இன்னும் 620 ஓம் தாண்டி 'கீழ்'. இன்னும் 1,000 தாண்டி 'இடம்'. இன்னும் 3,300 தாண்டிக் கடைசிப் படியில் 'தெரிவு'. எந்தப் பொத்தானை அழுத்துகிறீர்களோ அந்தப் படியில் மின்னோட்டத்துக்கு நிலத்துக்கு வழி திறக்கிறது. மேலே 2,000 ஓம், கீழே அந்தப் படி வரையான கூட்டுத்தொகை. 5 வோல்ற்று இந்த இரண்டுக்கும் இடையே அவற்றின் விகிதப்படி பங்கு போடப்படுகிறது. 1827இல் ஓம் எழுதி வைத்த விதிக்கு மேல் இதில் எதுவும் இல்லை.

ஆர்டுயினோ அந்தப் பங்கை 0 முதல் 1,023 வரையான ஓர் எண்ணாக மாற்றும். ஒரு படி 5 மில்லிவோல்ற்றுக்குச் சற்றுக் குறைவு. 'மேல்' அழுத்தினால் கீழே 330 ஓம், மொத்தம் 2,330. 330ஐ 2,330ஆல் பிரித்து 1,024ஆல் பெருக்குங்கள்: 145. இப்படியே 'வலம்' 0, 'கீழ்' 329, 'இடம்' 505, 'தெரிவு' 741. எதையும் அழுத்தாவிட்டால் 1,023. ஐந்து பொத்தானுக்கும் ஐந்து எண். நிரல் செய்ய வேண்டியது வேலி போடுவதுதான்: 50க்குக் கீழே என்றால் 'வலம்', 250க்குக் கீழே 'மேல்', 450க்குக் கீழே 'கீழ்', 650க்குக் கீழே 'இடம்', 850க்குக் கீழே 'தெரிவு', அதற்கும் மேலே யாருமில்லை. எத்தனையோ செய்முறைக் குறிப்புகளில் இதே வேலிகளைக் காணலாம். தம்பியும் அவற்றையே எழுதியிருந்தான்.

உங்கள் சட்டைப்பையிலும் இதே படிவரிசை இருக்கக்கூடும். வயர் உள்ள காதொலிப்பானில் ஒலி கூட்ட, குறைக்க, பாட்டை நிறுத்த மூன்று பொத்தான் இருக்கும். அவற்றுக்கெனத் தனி வயர் கிடையாது. மைக் வயரிலேயே அவை தொங்குகின்றன. அண்ட்ரொயிட் கைபேசிகளுக்காகக் கூகுள் வெளியிட்ட அளவுகளின்படி நிறுத்த 0 ஓம், கூட்ட 240, குறைக்க 470. கைபேசி தடையை அளந்துதான் உங்கள் விருப்பத்தை அறிகிறது.

இந்தச் சுற்றில் எனக்குப் பிடித்த ஒரு குணத்தையும் சொல்ல வேண்டும். பற்றரி இறங்க இறங்க 5 வோல்ற்று 4.5 ஆகிறது. அப்போது பொத்தானின் வோல்ற்றளவும் குறையும்தானே, எண் குழம்பாதா? குழம்பாது. ஆர்டுயினோ அளவுகோலாக வைத்திருப்பதும் அதே பற்றரியைத்தான். அளக்கப்படுவதும் அளவுகோலும் ஒன்றாகச் சுருங்குவதால் 145 எப்போதும் 145தான். கடலும் கோலும் சேர்ந்து சுருங்கினால் ஆழம் மாறாதல்லவா.

ஒரு குறையும் உண்டு. இரண்டு பொத்தானை ஒன்றாக அழுத்தினால் முன்படியில் இருப்பது பின்படியில் இருப்பதை முழுக்க மறைத்துவிடும். 'மேல்' திறந்த வழியே மின்னோட்டம் நிலத்துக்குப் போய்விட்ட பிறகு 'இடம்' திறந்தால் என்ன, மூடினால் என்ன. விளையாட்டுக் கருவிக்கு இந்தச் சுற்று ஆகாது. கிணற்றுக் கருவிக்குப் போதும்.

போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

விறாந்தையில் கருவியை மடிக்கணினியில் பொருத்தி, பொத்தான்களின் எண்களை நேரே பார்த்தோம். 'வலம்' அழுத்தினால் 171. 'மேல்' அழுத்தினால் 274. 'கீழ்' 412, 'இடம்' 553, 'தெரிவு' 756. எல்லாமே ஏறியிருந்தன. ஒன்றாவது இறங்கவில்லை. வேலிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 171 என்பது 'மேல்' வளவுக்குள், 274 'கீழ்' வளவுக்குள் விழுகிறது. மற்ற மூன்றும் தத்தம் வளவுக்குள்ளேயே நிற்கின்றன. தம்பி சொன்ன கோளாறு எழுத்துக்கு எழுத்து அப்படியே.

தடையிகள் கெட்டிருந்தால் இப்படி ஒழுங்காகக் கெடாது. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். ஐந்திலும் ஒரே விடை வந்தது. ஒவ்வொரு பொத்தானோடும் சுமார் 400 ஓம் கூடுதலாகச் சேர்ந்திருந்தது. மல்ரிமீற்றரை எடுத்து, 'வலம்' பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதன் கால்களுக்கு இடையே வைத்தோம். 390, 420, 380 என்று ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு விடை. அதே வகைப் பொத்தான் ஒன்று, பையில் கட்டியபடி புதிதாய் இருந்தது. அதை அளந்தபோது மீற்றர் பூச்சியத்தைத் தாண்டி அசையவில்லை. புதிய பொத்தானின் தொடுகைத் தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே.

பழைய பொத்தானைக் கழற்றிச் சவர அலகால் பிளந்தோம். உள்ளே ஒரு சின்னக் கிண்ணம்போல வளைந்த தகடு. அழுத்தும்போது அது கவிழ்ந்து நடுவில் உள்ள புள்ளியைத் தொட வேண்டும். வெள்ளி பூசிய அந்தப் புள்ளி பளபளக்க வேண்டிய இடத்தில் கறுத்துப்போய், ஓரத்தில் வெண்பொடி பூத்திருந்தது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடலோரத்து யன்னல் கம்பியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். அதே காற்றுத்தான் மூடியின் ஓட்டையால் உள்ளே போயிருந்தது. உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்து உலோகத்தின் மேல் மின்னைச் சரியாகக் கடத்தாத படலத்தை வளர்க்கும். அந்தப் படலந்தான் 400 ஓம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு முனைக்கு ஒரு பொத்தான் என்ற பழைய வழியில் இதே துருப்பிடித்த பொத்தானைப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடந்திராது. அந்த வழியில் சில்லுக்குள் இருக்கும் 20,000 ஓமுக்குக் குறையாத தடையி முனையை மேலே இழுத்துப் பிடிக்கிறது. பொத்தானில் 8,500 ஓம் வரை துரு ஏறினாலும் ஆர்டுயினோ அதை 'அழுத்தப்பட்டது' என்றே வாசிக்கும். நமது படிவரிசையிலோ 'வலம்' பொத்தான் தன் பெயரை இழக்க 103 ஓம் போதும். ஒரு பொத்தானிடம் "அழுத்தினாயா, இல்லையா" என்று கேட்பதும், "எத்தனை ஓம்" என்று கேட்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைக் கேட்டவுடன் பொத்தான் ஓர் அளவுமானி ஆகிவிடுகிறது. நான்கு முனையை மிச்சம் பிடிக்க நாம் கொடுத்த விலை அது.

அளவுமானி என்று சும்மா சொல்லவில்லை. கிணற்றில் இறக்கும் இரண்டு உருக்குக் கம்பியும் இதே சுற்றுத்தான். மேலே ஒரு நிலையான தடையி, கீழே தண்ணீர். சவர் கூடினால் தண்ணீரின் தடை குறையும், எண் இறங்கும். (கம்பியில் மின்னாற்பகுப்பு நடந்து அரித்துவிடாமல் இருக்க மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் வேறுபாடு.) பெட்டியின் ஒரு முனை கிணற்றின் உப்பை அளந்தது. இன்னொரு முனை, நமக்குத் தெரியாமலே, காற்றின் உப்பை அளந்துகொண்டிருந்தது. விடையை 'மேல்', 'கீழ்' என்ற சொற்களில் தந்ததுதான் நம்மைக் குழப்பிவிட்டது.

சரி, கணக்கை அழித்தது யார்?

"விடியக் காலமை எழும்பிப் பார்த்தா 'பதிவு 0' எண்டு நிக்குது. இரவு நான் தொடேல்லை. வீட்டில ஒருத்தரும் தொடேல்லை."

தொடாமலே அழுத்தப்பட்டிருக்கிறது. துரு தடையைக் கூட்டும், எண்ணை ஏற்றும். அதற்கு நேரெதிரான இன்னொரு வேலையையும் உப்பு செய்யும். வாடைக்காலத்து விடியற்காலையில் பனி இறங்கும்போது, பலகையின் மேல் படிந்த உப்பு அந்த ஈரத்தைக் குடித்து, பொத்தானின் இரண்டு காலுக்கும் நடுவே மெல்லிய உப்புநீர்ப் படலமாகப் பரவும். அது ஒரு தடையி. பொத்தானை யாரும் அழுத்தாவிட்டாலும் அதனூடே மின் கசியும். 1,023இல் நிற்க வேண்டிய எண் இறங்கத் தொடங்கும். கசிவின் தடை 9,800 ஓமுக்குக் கீழே போனால் எண் 850க்குக் கீழே. அங்கே காத்திருப்பது எந்த வளவு? 'தெரிவு'. திரையில் தெரியும் பட்டியலில் நிற்கும் வரியை நிறைவேற்று என்று ஆணையிடும் பொத்தான்.

முந்தின இரவு தம்பி 'பதிவு' என்ற வரியிலிருந்து 'மேல்' அழுத்தி 'அளவு' என்ற வரிக்குப் போக முயன்றிருக்கிறான். துரு அவனைக் கீழே தள்ளியது. கீழே இருந்தது 'அழி'. மின்சாரம் போன வெறுப்பில் அப்படியே வைத்துவிட்டுப் படுத்துவிட்டான். விடியற்காலையில் பனி வந்து 'தெரிவு' அழுத்தியது. "உறுதியா?" என்று கேட்டு, பொத்தானை இரண்டு நொடி அழுத்திப் பிடித்தால் மட்டும் அழிக்கும்படி நான்தான் யோசனை சொல்லியிருந்தேன். விரல் தவறிப் பட்டால் அழியக்கூடாது என்ற முன்னெச்சரிக்கை. விரலுக்கு அது சரி. பனி இரண்டு நொடியில் கை எடுக்காது. அது இரண்டு மணித்தியாலம் அழுத்திப் பிடிக்கும்.

இதைத் தம்பிக்குச் சொன்னபோது அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

திருத்துவதற்கு உட்கார்ந்தோம். முதலில் வேலிகளைத் தள்ளிப் போடலாம் என்றான். நல்ல யோசனை, ஒரு எல்லை வரை. துரு எண்ணை ஏற்றும், இறக்காது. ஆகவே இரண்டு எண்களுக்கு நடுவே வேலி போடும் வழக்கம் இங்கே பொருந்தாது. வேலியை அடுத்த எண்ணுக்கு நெருக்கித் தள்ளினால் துருவுக்கு அதிக இடம் கிடைக்கும். 250ஐ 310 ஆக்கினால் 274 மறுபடியும் 'மேல்' ஆகிவிடும். ஆனால் 'வலம்' 171இல் நிற்கிறதே. சுத்தமான 'மேல்' 145. துருப்பிடித்த 'வலம்' சுத்தமான 'மேல்' பொத்தானையே தாண்டிப் போய்விட்டது. எந்த இடத்தில் வேலி போட்டாலும் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. நிரலின் கை இங்கே முடிந்தது.

கருவி தொடங்கும்போது ஐந்து பொத்தானையும் ஒருமுறை அழுத்தச் சொல்லி அன்றைய எண்களை நினைவில் வைத்தால் என்ன என்று நான் கேட்டேன். துரு ஒரே மாதிரி நின்றால் அது வெல்லும். நிற்காது. மீற்றர் 390, 420, 380 என்று தடுமாறியதைப் பார்த்தோமே.

மூன்றாவது வழி, தடையிகளையே மாற்றுவது. எல்லாவற்றையும் ஐந்து மடங்காக்கினால், மேலே 2,000க்குப் பதில் 10,000 ஓம், விகிதம் மாறாததால் எண்கள் மாறா. ஆனால் 'வலம்' தன் பெயரை இழக்க இப்போது 514 ஓம் துரு வேண்டும். 400 ஓம் ஒன்றும் செய்யாது. அருமை என்று பற்றாசுக் கோலைச் சூடாக்கப் போனவனை நிறுத்தினேன். அதே ஐந்து மடங்கு கசிவுப் பக்கத்திலும் வேலை செய்யும். முன்பு 9,800 ஓமுக்குக் கீழே கசிந்தால்தான் 'தெரிவு' தானாக அழுந்தும். இனி 49,000 ஓம் கசிவே போதும். அவ்வளவு ஈரம் காரைநகரில் எந்த விடியற்காலையிலும் கிடைக்கும். துருவுக்குப் பயந்தால் பெரிய தடையி, பனிக்குப் பயந்தால் சிறிய தடையி. இரண்டுக்கும் பயந்தால் பெட்டியை இறுக மூடு.

கடைசியில் செய்தது அதைத்தான். நிலத்துக்கேற்ற பொருளைத் தேர்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. நோர்வே உதவியோடு தொடங்கிய சீநோர் நிறுவனத்தின் படகுத்துறை காரைநகரில் கண்ணாடியிழைப் படகு கட்டியது. உப்பு அரிக்காத உடல் அது. நாங்கள் பலகையை அற்ககோலால் கழுவிக் காயவைத்து, மின்சுற்றுக்குப் பூசும் தெளிந்த வார்னிஷ் பூசினோம். பொத்தான் ஐந்தையும் எடுத்து எறிந்துவிட்டு, றப்பர் உறையோடு அடைத்து வரும் வகையைப் போட்டோம். மூடியின் ஓட்டைக்குச் சிலிக்கன் பசை. தடையிகளை அப்படியே 2,000இல் விட்டோம்.

நிரலிலும் நான்கு இடத்தில் கை வைத்தோம். வேலிகள் இடம்பெயர்ந்ததைச் சொல்லிவிட்டேன். அடுத்தது, ஒரு வாசிப்பை நம்பாதே என்பது. ஆர்டுயினோ ஒரு நொடியில் பத்தாயிரம் முறை வரை அளக்கக்கூடியது. விரல் பொத்தானைத் தொடும் கணத்தில் தகடு சில மில்லிநொடி துள்ளும். எண் 1,023இலிருந்து 0வுக்கு இறங்கும் வழியில் 741ஐயும் 505ஐயும் கடந்துதான் போகும். அந்தக் கணத்தில் வாசித்தால் கேணியில் இறங்குபவனை நடுப்படியில் பிடித்து, இதுதான் அடிமட்டம் என்று சொன்னதுபோல் ஆகும். ஆகவே 20 மில்லிநொடி இடைவெளியில் மூன்று முறை ஒரே வளவில் விழுந்தால்தான் கணக்கு. மூன்றாவது, பொத்தான் அழுந்தியிருக்கும் நிலையைப் பார்த்துப் பட்டியலை நகர்த்தாதே, நிலை மாறும் கணத்தைப் பார்த்து ஒரே ஒரு படி நகர்த்து. இதைச் செய்யாமல் விட்டால் விரல் எடுப்பதற்குள் பட்டியல் பல சுற்றுச் சுற்றிவிடும். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் முதலில் இடறுவது இங்கேதான், தம்பி இடறவில்லை.

நான்காவது பனிக்காக எழுதியது. எந்தப் பொத்தானும் பத்து நொடிக்கு மேல் அழுந்தியபடி இருந்தால் அது விரல் இல்லை. அந்த அழுத்தலை அப்படியே கைவிட்டு, திரையில் 'ஈரம்' என்று காட்டு. வெயில் ஏறிப் படலம் காய்ந்து எண் மறுபடி 1,023க்குப் போகும்போது, 'பொத்தான் விடப்பட்டது' என்று நினைத்து எதையும் நிறைவேற்றாதே. அழிப்பதற்கு இனி ஒரு பொத்தான் போதாது: 'இடம்', பிறகு 'வலம்', பிறகு 'தெரிவு'. பனிக்கு அந்த வரிசை வராது.

பட்டியலின் ஒழுங்கையும் மாற்றினோம். இதை நிரல் எழுதுபவர்கள் அலங்காரம் என்று தள்ளிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'பதிவு' என்பதன் பக்கத்து வீட்டில் 'அழி' குடியிருக்கவே கூடாது. அழிப்பதைப் பட்டியலின் ஆகக் கடைசியில், இன்னொரு உட்பட்டியலுக்குள் வைத்தோம். கடைசி வரியில் 'கீழ்' அழுத்தினால் முதல் வரிக்கும், முதல் வரியில் 'மேல்' அழுத்தினால் கடைசி வரிக்கும் சுற்றி வரும் வசதியையும் எடுத்துவிட்டோம். சுற்றி வரும் பட்டியலில் முதல் வரியிலிருந்து ஒரு தவறான அழுத்தல் கடைசி வரிக்குக் கொண்டுபோய்விடும்.

மூன்று மாதக் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. அதன் பிறகு தம்பி ஒவ்வொரு அளவையும் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றிலும் எழுதுகிறான். கருவியை நம்பாதவன்போல எழுதுகிறாயே என்று கேட்டேன்.

"கொப்பியில பட்டன் இல்லை அண்ணை" என்றான்.

இந்தச் சுற்றை நீங்களும் செய்து பார்ப்பதானால் ஒரு வேண்டுகோள். பெட்டியை மூடித் திருகாணி இறுக்கும் முன் ஐந்து பொத்தானையும் ஒவ்வொன்றாக அழுத்தி, வரும் ஐந்து எண்ணையும் மூடியின் உட்பக்கத்தில் திகதியோடு பென்சிலால் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் சோளகம் ஓய்ந்த பிறகு திறந்து மறுபடி அழுத்திப் பாருங்கள். எண்கள் ஏறியிருந்தால் உள்ளே உப்பு வந்துவிட்டது; எதையும் அழுத்தாதபோது 1,023க்குப் பதில் 1,000க்குக் கீழே நின்றால் ஈரமும் வந்துவிட்டது.